ஊசி முளைக்காத கிருமி

குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்று. இதைச் சொல்லிச் சொல்லியே ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் வில்லவராயனை ஓட்டி எடுப்பார்கள். சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை. சனிக்கிழமை ஆனால் பஸ் பிடித்து மதுரைக்கு வந்து, பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு. அதற்குக் கொடுத்த கடைசிக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. விட்டால் பட்டம் போச்சு.

அன்று மைக்ராஸ்கோப் படத்தைத் தன் ஆய்வு வழிகாட்டி நாச்சியார் மேடத்தின் மேஜையில் வைத்தவர் உட்காரக்கூட இல்லை.

"அடித்தளமெல்லாம் நல்லா நிக்குது மேடம். ஊசிதான் ஒண்ணுகூட முளைக்கல."

அவர் ஆராய்கிற கிருமி தன் தோலில் ஓர் ஊசியைக் கட்டும். உள்ளேயிருந்து புரதத்துண்டுகள் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால்தான் ஊசி. அதன் துளை வழியாகத்தான் கிருமி தன் விஷத்தை வெளியே அனுப்பும். யார் யார் சேர்ந்து இதைக் கட்டுகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காகக் கிருமியிலிருந்து ஒவ்வொரு மரபணுவாக எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பார்.

"எந்த மரபணுவை எடுத்தீங்க?"

"அந்தச் சின்னத் துணைப் புரதத்தோடதை. கட்டி முடிச்ச ஊசியை எத்தனையோ படத்துல பார்த்தாச்சு. ஒண்ணுலயும் அது இல்ல. கட்டடத்துல இல்லாத ஆளுக்கு அங்க என்ன வேலைன்னு தூக்கிட்டேன்."

மேடம் படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"காலையில உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தீங்க சார்?"

கெடு கழுத்தை நெரிக்கிற நேரத்தில் இதென்ன கேள்வி என்று அவருக்கு எரிச்சல்தான். ஆனாலும் சொன்னார்.

"வீட்ல ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விடுவாங்க."

"விட்டுட்டுப் போயிருவாங்களா?"

"எங்க போறது? நான் சீட்டுல உட்கார்ந்து பஸ் நகர்ற வரைக்கும் நிப்பாங்க. டீக்கடையில நம்ம வாத்தியார் கூட்டம் இருக்கும். அதுல போய் ஒட்டிக்கிட்டேன்னா அன்னைக்கு மதுரையும் கிடையாது, ஆய்வும் கிடையாது."

"அவங்களுக்கு உடம்பு முடியாமப் போனப்ப?"

"நான்தான் ரெண்டு மாசம் வரவே இல்லையே மேடம்."

"இங்க வந்திருக்காங்களா?"

"வாசல் கேட்டைக்கூடப் பார்த்ததில்ல. என்னை ஏத்திவிட்டதும் திரும்பிப் போய்ச் சின்னவளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடணும். அப்புறம்..."

வில்லவராயன் படத்தை எடுத்து மறுபடி பார்த்தார். கிருமிக்குள் ஊசித் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டை உருண்டையாகக் கிடந்தன. அடித்தளத்து வாசலுக்கு ஒன்றுகூட வந்து சேரவில்லை.

ஐம்பத்தொரு வயது மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் மனைவியிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னோமா என்று நினைத்தார். நெஞ்சு நிறைந்தும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

"அதைத் திருப்பி உள்ள வைக்கட்டுமா மேடம்?"

"வைங்க. ஊசி முளைக்கும். இல்லாதப்ப ஒரு படம், இருக்கும்போது ஒரு படம். பட்டத்துக்கு இந்த ரெண்டும் போதும், கெடுவுக்குள்ள முடிச்சிரலாம்."

"புதுப் படத்துலயாவது அது தெரியுமா?"

"தேடாதீங்க சார். நீங்க படம் எடுக்கிற நேரத்துல அது அடுத்த ஆளைக் கூட்டிட்டு வரப் போயிருக்கும்."