கடல் வைத்துக்கொண்ட நேரம்

அந்தக் காலத்தில் கடல் பேசும், நண்டு பேசும், ஆமை பேசும். மனிதன் இவர்கள் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவான். வினையும் அதில்தான் வந்தது.

அப்போது ஒரு வழக்கம் உண்டு. கடல் தண்ணீரில் கால் நனைய நின்றுகொண்டு, தான் செய்யப்போவது இன்னது என்று ஆளுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். கடல் கேட்டு வைத்துக்கொள்ளும். ஆயுசுக்கும் அதுதான் பிழைப்பு.

மீன் "நீந்துவேன்" என்றது. ஆலாப் பறவை "பறப்பேன்" என்றது. நண்டு வாயைத் திறந்த நேரம் பார்த்துப் பெரிய அலை ஒன்று வந்தது. பயந்துபோய், "ஒதுங்குறேன், ஒதுங்குறேன்!" என்று கத்திவிட்டது. இன்றைக்கும் அதன் நடையைப் பாருங்கள். ஆமை, "முட்டையைப் புதைச்சிட்டுப் போறேன்" என்றாள். போனாள். தன் பிள்ளை முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

மனிதன் மட்டும் இன்னும் சொல் கொடுக்கவில்லை. சொல் கொடுக்காதவனுக்கு முழங்கால் ஆழத்துக்கு மேல் கடல் கிடையாது.

கரையோரக் குடிசையில் காத்தான் என்று ஒருவன் இருந்தான். அவன் பெண்டாட்டி வெள்ளச்சி. இடுப்பில் ஒரு குழந்தை. அந்த வருஷம் கரைப்பக்கம் மீனே அண்டவில்லை. நண்டு நோண்டித் தின்று எத்தனை நாள் ஓட்டுவது? காத்தான் மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். முதல் கட்டுமரம் அதுதான்.

"மாமா, கடலாத்தா கேக்குற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. கேட்டதும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் வெள்ளச்சி.

"எனக்குத் தெரியும் புள்ள. 'கடலை ஆளுவேன்'னு சொல்லப்போறேன்."

'எனக்குத் தெரியும்' என்று சொன்ன ஆண்பிள்ளை எவன் உருப்பட்டான்?

மறுநாள் காலையில் கரையெல்லாம் கூட்டம். மனிதன் என்ன சொல் கொடுப்பான் என்று பார்க்க நண்டு, ஆலா, ஆமை எல்லாம் வந்திருந்தன. காத்தான் மரத்தைத் தண்ணீரில் தள்ளினான். கால் நனைந்தது. அந்த நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. திரும்பிப் பார்த்தான். மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது மறந்துபோயிற்று.

"அழாதடா கண்ணு. அப்பன் போறேன்" என்றான்.

"கேட்டுக்கிட்டேன்" என்றது கடல்.

ஆமை முகத்தை மணலில் புதைத்துக்கொண்டாள். காத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. துடுப்புப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் பின்னாலேயே பறந்துபோன ஆலா உச்சிவெயிலில் திரும்பி வந்தது.

"உன் புருஷனுக்கு நல்ல பாடு. மரம் கொள்ளாத மீன்."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டுருக்க?" என்றாள் வெள்ளச்சி.

"கரையைப் பார்த்துத்தான் துடுப்புப் போடுறான். மரம் என்னவோ கரையை விட்டு விலகித்தான் போகுது. போறேன்னு சொன்னவன் போய்க்கிட்டேதான இருக்கணும்?"

வெள்ளச்சி அழவில்லை. குழந்தையோடு தண்ணீரில் இறங்கி முழங்கால் ஆழத்தில் நின்றாள்.

"ஆத்தா, என் வீட்டுக்காரரை அனுப்பு."

"சொன்ன சொல்லை நான் திருப்பிக் குடுக்கிறதில்ல. ஆமை வருஷா வருஷம் வந்து அழுறா. குடுத்தேனா?"

கெஞ்சினால் நடக்காது என்று தெரிந்துவிட்டது.

"அவர் சொல் உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒரு சொல் பாக்கி இருக்குல்ல? அதை அவருக்குப் போடுறேன்."

"அப்போ உனக்குன்னு ஒண்ணும் கிடையாது. ஆழத்துல நீ கால் வைக்க முடியாது."

"வைக்கல. கரையிலேயே நிக்கிறேன்."

"சரி, சொல்லு."

ஆளாளுக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிட்டார்கள். தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிய சுறா, "'மிதப்பார்'னு சொல்லேன், பாவம்" என்றது.

"பொணமும்தான் மிதக்கும். நீ போ அங்கிட்டு."

"'வாழ்வார்'னு சொல்லு" என்றது ஆலா.

"எங்க? நடுக்கடல்லயா?"

"'ஆளுவார்'! கேக்கவே எடுப்பா இருக்கு" என்றது நண்டு.

"வீட்டையே ஆளத் தெரியாது அவருக்கு."

ஆமை மெல்ல ஊர்ந்து வந்து அவள் காலருகே நின்றாள். "நான் சொல்லாம விட்டதைச் சொல்லு, தாயி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளச்சிக்குப் புரிந்தது. நிமிர்ந்து நின்று, "வருவார்" என்றாள்.

கடல் லேசில் விடுமா? "எப்போ வருவான்? நேரத்தைச் சொல்லு."

'இப்பவே' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"சொல்ல மாட்டேன். இன்னிக்குன்னு சொன்னா இன்னிக்கு மட்டும் விடுவ. நாளைக்கும் எங்களுக்கு வயிறு இருக்கே. எப்போ போனாலும் வருவார். அம்புட்டுத்தான்."

கடல் சிரித்தது. ஓர் அலை எழுந்து அவள் முந்தானையை நனைத்துப் போனது.

"கெட்டிக்காரிதான். ஆனா நேரத்தை நீ சொல்லல. அதனால அது என்னோடது."

"வச்சுக்க" என்றாள்.

காத்தான் உடனே வரவில்லை. கடல் தன் பங்கை எடுத்துக்கொண்டது. வெயில் சாய்ந்தது, குழந்தை தோளில் தூங்கிவிட்டது, நண்டுகள் வளைக்குப் போய்விட்டன. வெள்ளச்சி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அந்தி மங்கும் நேரத்தில் தூரத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

மரம் கரை தட்டியதும் காத்தான் கேட்டான்: "என்ன புள்ள, இங்கேயே நிக்கிற? உலை வைக்கலையா?"

அவனை என்ன செய்வது? மீனை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் அவன் மரத்தைத் தள்ளிவிட்டு, "அப்போ நான் போ..." என்று ஆரம்பித்தான். வெள்ளச்சி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"வாரேன்னு சொல்லுங்க."

"போகும்போது எப்படிடீ வாரேன்னு சொல்றது?"

"சொல்லுங்க."

"சரி. வாரேன்."

எப்போது என்று கேட்க அவளுக்கு நாக்குத் துடித்தது. கேட்கவில்லை.

அன்று முதல்தான், கடலுக்குப் போகிறவன் "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். எப்போது என்று கரையில் நிற்கிறவள் கேட்பதில்லை.