மிட்டாய் ஜாடியில் சொறிமீன்

தளவாய் அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. அவருடைய குரு செலஸ்டினாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், படங்களுக்குச் சட்டம் போடக் கற்றுக்கொள்கிறேன் என்று அவளிடம் வந்து சேர்ந்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதன்முதலாக ஒரு முழு வேலையை அவரை நம்பி ஒப்படைத்தாள் செலஸ்டினா. கடற்கரையில் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டலின் வரவேற்பறையில் மாட்டுவதற்குச் சொறிமீன் படங்கள். ஏதோ ஒரு தேசத்து அறிவியல் புத்தகத்துக்காக அந்தக் காலத்தில் யாரோ ஒரு மகராசன் பார்த்துப் பார்த்து வரைந்தவை. வலையில் சிக்கினால் மீனவர்கள் திட்டிக்கொண்டே உதறிப்போடுகிற ஜெல்லி மீனா இது! இளஞ்சிவப்பில் ஒரு குடை, அதன் விளிம்பிலிருந்து தலைமுடியைவிட மெல்லிசாய் இறங்கும் இழைகள். தளவாய் சோறு தண்ணி மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மயக்கத்தில்தான் தப்பு நடந்தது. குடையிலிருந்து இழை நுனிவரை அளவெடுத்தவர், சுற்றியிருந்த வெற்றுத்தாளை அளக்காமல் விட்டுவிட்டார். தேக்கில் சட்டங்களை இழைத்து, கண்ணாடியும் வெட்டி முடித்த பிறகு படம் உள்ளே போக மறுத்தது. விடிந்தால் திறப்பு விழா.

கத்தியும் கையுமாய்க் குருவின் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், படத்தைச் சுத்தி இருக்கிற தாளை வெட்டிரட்டுமா?"

"ஏன் அண்ணாச்சி?"

"அதுல ஒண்ணுமே இல்லையே. சும்மாதான கெடக்கு."

செலஸ்டினா சட்டத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். கோபப்படவில்லை. அலமாரியில் காலியாக இருந்த மிட்டாய் ஜாடியை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, கடல் வரைக்கும் போயிட்டு வருவோம்."

கரையில் அப்போதுதான் வலையை உதறிவிட்டுப் போயிருந்தார்கள். ஈர மணலில் ஏதோ கிடந்தது.

"இது என்ன, சொல்லுங்க?"

"சொறிமீன்."

"நம்ம படத்துல இருக்கதுதான்."

தளவாய் குனிந்து பார்த்தார். கொட்டிப்போன கஞ்சி மாதிரி இருந்தது.

"போங்க டீச்சர். அந்த அழகு எங்க, இது எங்க!"

செலஸ்டினா ஜாடி நிறையக் கடல்நீரை மொண்டாள். கை படாமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையால் அதை அள்ளி உள்ளே விட்டாள்.

கொஞ்ச நேரம் அது அப்படியே மிதந்தது. பிறகு மெல்ல விரிந்தது. குடை எழும்பியது. சிக்கிக் கிடந்த இழைகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து கீழே இறங்கின. குடை ஒருமுறை சுருங்கி விரிந்தது, மறுபடியும் சுருங்கி விரிந்தது.

"ஆத்தாடி!" என்றார் தளவாய். "வரைஞ்சபடியே இருக்கே!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கடல் பக்கத்திலேயே பிழைத்தும் இதைப் பார்த்ததில்லையே என்று ஆற்றாமையாகவும் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சட்டைப்பையில் கத்தி உறுத்தியது.

"நாளைக்குத் திறப்பு விழா, டீச்சர். வெட்டலேன்னா என் மானம் போயிரும். வெட்டலாமா, கூடாதா?"

செலஸ்டினா ஜாடியை அவர் கையில் கொடுத்தாள்.

"தாராளமா வெட்டுங்க அண்ணாச்சி. மொதல்ல இந்தத் தண்ணியைக் கீழ கொட்டிருங்க. அதுலயும் ஒண்ணும் இல்ல, சும்மாதான் கெடக்கு."