படுக்க வைக்காத ராஜா

மேலக்கோம்பை ஜமீனில் ஒரு வழக்கம் இருந்தது. ஜமீன்தார் போட்ட உத்தரவு பிடிக்காதவர்கள் ஆடிப்பெருக்கு அன்று சாவடிக்கு வந்து அவரோடு சதுரங்கம் ஆடலாம். அவர் ஜெயித்தால்தான் உத்தரவு செல்லும். அவருடைய பாட்டன் சாவடிக் கல்லில் வெட்டி வைத்த சட்டம் அது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஜமீன்தார் தோற்று யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் ஆடுவார். அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு, "முடிஞ்சுது" என்பார். எதிரே இருப்பவர் தன் ராஜாவைத் தன் கையாலேயே பலகையில் படுக்க வைத்துவிட்டுக் கும்பிட்டு எழுந்து போவார். தண்டோராக்காரர் ஒரு தட்டுத் தட்டி, எசமான் ஜெயித்தார் என்று ஊருக்குச் சொல்வார்.

அந்த வருஷம் உத்தரவு சீனியம்மா வீட்டுக்கு வந்தது. ஜமீன்தார் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர் மலைக்கு அந்தப் பக்கம். மணப்பெண்ணோடு கூடப் போய் எடுபிடி வேலை செய்ய ஒரு சிறுமி வேண்டும். சீனியம்மா மகள் பூவாயி துருதுருவென்று இருக்கிறாள், அவளை அனுப்பி வை. அப்படிப் போன பிள்ளைகள் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

சீனியம்மாவின் புருஷன் அரண்மனை வண்டிக்காரன். அழுதான், மாட்டுக்குத் தண்ணி காட்டினான், மறுபடி அழுதான். அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு மடத்துக்கு நடந்தாள்.

மடத்துச் சாமிக்கு இன்னும் முழுசாகத் தாடி முளைக்கவில்லை. அரைத்தாடிச் சாமி என்றுதான் ஊருக்குள் பேர். அந்தக் கிண்டலில் சீனியம்மாவுக்கும் பங்கு உண்டு. அவள் சாமியைவிடப் பத்து வயது மூத்தவள். இருந்தாலும் காலில் விழுந்தாள். சதுரங்கத்தில் ஜெயிக்கச் சொல்லித் தர வேண்டும் என்றாள்.

"ஜெயிக்கிறது எப்படின்னு எனக்கே தெரியாதே தாயி," என்றார் சாமி. "ஆடுறது எப்படின்னு தெரியும்."

"அதையாவது சொல்லுங்க."

சாமி பலகையை விரித்தார். யானை நேராகப் போகும். மந்திரி மூலைவாட்டில் போகும். குதிரை மட்டும் நடுவில் யார் நின்றாலும் தாண்டிக் குதிக்கும். சிப்பாய் முன்னால் ஒவ்வொரு கட்டமாகத்தான் போகும், கிளம்பும்போது மட்டும் வேண்டுமானால் ரெண்டு. எதிரியை வெட்ட மூலையில் ஒரு கட்டம் சாயும். பின்னால் திரும்ப அதற்கு வழியே கிடையாது.

வாக்கப்பட்டு வந்த பொம்பளை மாதிரி என்று சீனியம்மா நினைத்துக்கொண்டாள். ராணி எல்லாப் பக்கமும் எவ்வளவு தூரமும் ஓடும், ராஜா எந்தப் பக்கமானாலும் ஒரு கட்டம்தான் நகரும் என்று சாமி சொன்னபோது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் சாமி."

சாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் யானையை அவளுடைய ராஜாவுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, "முடிஞ்சுது" என்றார்.

சீனியம்மா ராஜாவைப் படுக்க வைத்தாள்.

சாமி ராஜாவை நிமிர்த்தி அதே இடத்தில் வைத்தார். மறுபடி, "முடிஞ்சுது" என்றார். அவள் மறுபடி படுக்க வைத்தாள். அவர் நிமிர்த்தினார். இப்படியே பொழுது போனது. வீட்டில் பிள்ளை பசியோடு இருக்கும். அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நீங்களே முடிஞ்சுதுன்னு சொல்றீங்க. நீங்களே எடுத்து நிறுத்துறீங்க."

"நான் சொன்னேன். பலகை சொல்லுச்சா?"

அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள் என்றே சொல்லலாம். ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டம் காலியாகக் கிடந்தது. ராஜாவை அங்கே நகர்த்தினாள்.

"ராஜாவுக்கு வெட்டு வந்தா மூணு கேள்வி கேக்கணும்," என்றார் சாமி. "விலகலாமா? நடுவுல ஆளை விட்டு மறைக்கலாமா? வெட்ட வந்ததையே வெட்டலாமா?"

"மூணும் ஆகலைன்னா?"

"அப்பதான் முடிஞ்சுது."

இன்னொன்றும் சொன்னார். ராஜா மேல் வெட்டு விழாமலே, அந்தப் பக்கத்துக் காய் எதுவும் நகர வழியில்லாமல் போனால், ஆட்டம் சமம். யாருக்கும் ஜெயம் கிடையாது. கட்டிப் போட்டுவிட்டு அடிக்காமல் விடுகிற மடையன் எவன் இருப்பான் என்று சீனியம்மா கேட்டாள். சாமி காய்களை மறுபடி அடுக்கினார்.

எழுந்து போகும்போது வாசலில் நின்றாள். "முடிஞ்சா ராஜாவை என்ன செய்வாங்க சாமி? வெட்டி வெளிய எறிஞ்சிருவாங்களா?"

"மத்ததையெல்லாம் வெட்டி வெளிய வைப்பாங்க. ராஜாவை வெட்டுறதில்ல."

"பின்னே?"

சாமி துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

ஆடிப்பெருக்கு வரைக்கும் அவள் தினம் வந்தாள். வீட்டில் கோலமாவால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைக் காயாக வைத்துப் பூவாயியோடு ஆடினாள். ஊர் சிரித்தது. குரு அரைத்தாடி, சிஷ்யை அரைக்கிழவி என்று ஆற்றங்கரையில் பேசினார்கள். அவள் துணியைத் துவைத்துப் பிழிந்துகொண்டு பேசாமல் வந்துவிடுவாள்.

அன்றைக்குச் சாவடியில் நல்ல கூட்டம். சாமி ஒரு தூணோரம் நின்றார். பூவாயி அப்பன் தோளில் இருந்தாள். சீனியம்மா முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு முதல் சிப்பாயை நகர்த்தினாள்.

ஜமீன்தார் வேகமாக ஆடினார். வெட்ட எது கிடைத்தாலும் வெட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய யானை அவளுடைய ராஜாவுக்கு நேராக வந்து நின்றது.

"முடிஞ்சுது," என்றார்.

தண்டோராக்காரர் கோலை ஓங்கினார். சீனியம்மாவின் கை தன்னால் ராஜா பக்கம் போனது. ராஜா தலையைத் தொட்டும் விட்டாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

விலகலாமா? அக்கம்பக்கம் இடமில்லை. வெட்டலாமா? யானையை எட்டுகிற காய் ஒன்றும் இல்லை. மறைக்கலாமா? குதிரை ஒன்று ஓரமாக நின்றது. அதைக் குதிக்க வைத்து யானைக்கும் ராஜாவுக்கும் நடுவில் நிறுத்தினாள்.

காதில் விழவில்லை போல என்று ஜமீன்தார் நினைத்தார். இன்னும் சத்தமாக, "முடிஞ்சுதுன்னு சொன்னேன்," என்றார்.

"கேட்டுச்சு எசமான். உங்க முறை."

கூட்டத்தில் யாரோ இருமலை அடக்கினார்கள். தண்டோராக்காரர் ஓங்கிய கோலை மெல்லக் கீழே இறக்கினார். எசமான் ஒரு ஆட்டத்தை முழுசாக ஆடி நாம் பார்த்ததே இல்லையே என்று ஒரு நெசவாளி பக்கத்து ஆள் காதில் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

நிஜம்தான். ஜமீன்தார் தன் வாழ்நாளில் ஒரு ஆட்டத்தையும் கடைசி வரை கொண்டுபோனதில்லை. கொண்டுபோக யாரும் விட்டதில்லை. முகம் சிவந்து வெட்டித் தள்ளினார். குதிரை போனது. யானைகள் போயின. ராணியும் போனாள். ஒவ்வொரு வெட்டுக்கும் முடிஞ்சுது, முடிஞ்சுது என்றார். ஒவ்வொரு தடவையும் சீனியம்மா பலகையைப் பார்த்தாள், நகர்த்தினாள், உங்க முறை என்றாள்.

கடைசியில் அவளிடம் மூலையில் ஒதுங்கிய ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும் மிச்சம். ஜமீன்தாருக்கோ ராணி, யானை, இன்னும் பாதிப் படை. சிப்பாயை விட்டுவிட்டு ராஜா மேல் பாய்ந்திருந்தால் அதோடு சரி. ஆனால் வெட்டக் கிடைத்ததை விட்டு அவருக்குப் பழக்கமில்லை. ராணியால் அந்தச் சிப்பாயை வெட்டி எறிந்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப முடிஞ்சுதா இல்லையா?"

சீனியம்மா பார்த்தாள். ராஜாவைச் சுற்றி மூன்று கட்டம். மூன்றிலும் ராணியின் பார்வை. எங்கே கால் வைத்தாலும் வெட்டு. நகர்த்த வேறு காயும் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பன் தோளிலிருந்து பூவாயி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"எசமான், இப்ப நிக்கிற இடத்துல என் ராஜாவை எது வெட்டுது?"

ஜமீன்தார் விரலை நீட்டினார். ராணி மேல் வைத்தார். அங்கிருந்து ராஜாவுக்கு நேர்வழியும் இல்லை, மூலைவழியும் இல்லை. யானை மேல் வைத்தார். அதற்கும் வழியில்லை. விரல் காற்றிலேயே நின்றது. தூணோரம் நின்ற சாமியை முறைத்தார்.

"வெட்டும் இல்ல, வழியும் இல்ல. ஆட்டம் சமம்," என்றார் சாமி.

"அப்ப இன்னொரு காயை நகர்த்துறேன்."

"அவங்க முறை எசமான். அவங்க நகராம நீங்க நகர முடியாது. அவங்களை நகரவிடாம வச்சது நீங்க."

ஜமீன்தார் தண்டோராக்காரரைப் பார்த்து, தட்டுடா என்றார்.

"தட்டுறேன் எசமான். என்னன்னு சொல்லட்டும்?"

ஜமீன்தார் கல்லைப் பார்த்தார். அவர் ஜெயித்தால்தான் உத்தரவு செல்லும் என்று பாட்டன் வெட்டிய எழுத்து எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பல்லக்கு ஏறாமல் நடந்தே போனார்.

கூட்டம் கலைந்தது. பூவாயி ஓடி வந்து அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சாமி உட்கார்ந்து காய்களைப் பையில் போட ஆரம்பித்தார். மூலையில் நின்ற அந்த ஒரு ராஜாவை மட்டும் தொடவில்லை.

சீனியம்மா மகளை அணைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். ஜமீன்தார் அந்தச் சிப்பாயை விட்டுவிட்டு ஒழுங்காக ஆடியிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதைச் சாமியிடம் கேட்டாள்.

"எல்லாம் போயிருக்கும்ல சாமி?"

சாமி பையை இறுக்கிக் கட்டினார்.

"ஆட்டம் போயிருக்கும் தாயி. ராஜா நின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கும்."