வெறும் தண்ணீர்

"மேடம், இந்தச் சில்லு பொய் சொல்லுது. நான் ஆராய்ச்சியை விட்டுடறேன்."

சொன்னவர் குற்றாலிங்கம். பள்ளிக்கூட வேதியியல் வாத்தியார். ஐம்பது வயதில், மூன்று வருட விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்தவர். திங்கட்கிழமை விடுப்பு முடிகிறது. வழிகாட்டி ஜெசிந்தா அவரைவிடப் பதினொரு வயது இளையவர்.

சில்லு நகத்தளவு கண்ணாடி. உள்ளே தலைமுடி அகலத்தில் ஒரு வாய்க்கால். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடினால் போதும். பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கிய ரசாயனம் எவ்வளவு என்று திரையில் எண் வரும்.

"என்ன பொய், சார்?"

"வெறும் தண்ணியிலயும் இருக்குங்குது. கண்ணாடிக் குடுவையில நானே வடிச்ச தண்ணி. ஏழு சில்லைக் குப்பையில போட்டாச்சு. இது எட்டாவது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஜெசிந்தா அதைச் சொல்லவில்லை. வாத்தியார்மேல் அவ்வளவு பிரியம்.

"மணி நாலாச்சு. டீ வாங்கப் போவீங்கள்ல? இன்னிக்கு டீ வேண்டாம், வெந்நீர் வாங்கிட்டு வாங்க. பார்சல் ஒண்ணு, கண்ணாடி கிளாஸ்ல ஒண்ணு."

வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒரு கையில் நூல் கட்டிய பிளாஸ்டிக் பை, மறு கையில் கிளாஸுடன் வந்தார்.

ஜெசிந்தா சில்லின் வாயில் மாட்டியிருந்த மெல்லிய குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். கிளாஸ் தண்ணீரைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு ஒரு சொட்டு விட்டார்.

திரையில் பூஜ்யம்.

பையிலிருந்து ஒரு சொட்டு. எண் ஏறிக்கொண்டே போனது.

வாத்தியார் மேசையில் கிடந்த குழாயைப் பார்த்தார். அதுவும் பிளாஸ்டிக். அவர் வடித்த தண்ணீர் எட்டுச் சில்லுக்கும் அதன் வழியாகத்தான் போனது.

பிறகு பையைப் பார்த்தார்.

"மேடம், மூணு வருஷமா உங்களுக்கு இதுலதான டீ..."

"ஆமா."

"தெரிஞ்சேவா குடிச்சீங்க?"

"இந்த வெயில்ல ரோட்டைத் தாண்டிப் போய், எனக்குச் சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லி வாங்கிட்டு வர்றீங்க. சொல்ல மனசு வரலை, சார்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டு இல்லாததால் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குச் சொல்ல மனசு வரலை. எனக்கு இந்தச் சில்லு சொன்னதைக் கேக்க மனசு வரலை. உள்ளதைச் சொன்னது இது ஒண்ணுதான். அதைப் போய்ப் பொய்னுட்டேன்."

குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தார். தரையில் உட்கார்ந்து ஏழு சில்லையும் தேட ஆரம்பித்தார்.

ஜெசிந்தாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்குத் தூக்குவாளி கொண்டு வர்றேன், மேடம்" என்றார் வாத்தியார், தலை நிமிராமல்.