கேட்டது என்ன, சொன்னது என்ன

"தப்பாச் சொல்லிருவேனோன்னு பயமா இருக்கு சாமி" என்றாள் செண்பகவல்லி.

"என்கிட்டயா?"

"உங்ககிட்டயுந்தான். கீழே கூண்டுல அந்த நோட்டுக்காரர்கிட்டயுந்தான்."

கண்டக்டர் சாமி சிரித்தார்.

பதினெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, ஒருநாள் தோள்பையைக் கழற்றி டிப்போ மேசைமேல் வைத்துவிட்டுப் பாலக்கரடு என்கிற குன்றின் குகைக்கு ஏறி வந்தவர் அவர். செண்பகவல்லியைவிட நாலு வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் பேச ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான். உள்ளே போகிறவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பலகைக் கதவைச் சாத்திக்கொள்வார். அடுத்து வருகிறவர் செருப்பைப் பார்த்ததும் தள்ளியிருக்கிற வேப்பமரத்தடியிலேயே நின்றுவிடுவார். உள்ளே பேசியது உள்ளேயே கிடக்கும். ஊரில் பாதிப் பேருடைய பாரம் அந்தக் குகையில்தான் இறங்கியிருந்தது.

போன மாசியில் சந்தையில் குண்டு வெடித்தது. பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி செண்பகவல்லியின் தங்கை மரகதம். வெங்காயம் வாங்கப் போனவள்.

அதற்குப் பிறகுதான், கதவைச் சாத்திப் பேசுகிற இடமெல்லாம் சந்தேகமாகி, கரட்டடியில் போலீஸின் அந்தத் தகரக் கூண்டு வந்தது. கூண்டுக்குள் ஒரு நோட்டு. மேலே போய்வருகிற எல்லோரும் இறங்கும்போது சொல்லியாக வேண்டும். பெயர் என்ன, சாமியிடம் கேட்டது என்ன, சாமி சொன்னது என்ன. குகைக் கதவையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

கூண்டு வேண்டும் என்று ஊரார் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து செண்பகவல்லியுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துக் கூட்டி, காகிதம் கிழிய அழுத்திப் போட்ட கையெழுத்து.

"நாந்தான் சாமி கேட்டு வாங்கினேன். இப்ப எனக்கே வாயைத் திறக்க முடியல."

"போன வாரம் கீழே என்ன சொன்னீங்க?"

"சும்மா உக்காந்துட்டு வந்தேன்னு சொன்னேன். 'முக்கால் மணி நேரம் சும்மாவா? எங்க வீட்டுல ஒருத்தி அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா'ங்கிறார்."

"அப்புறம்?"

"இடுப்பு வலிக்கு வைத்தியம் கேட்டேன்னு சொன்னேன். என்ன வைத்தியம் சொன்னாருன்னார். வாயில வந்ததை அவுத்து விட்டேன், நொச்சி இலைன்னு. எழுதிக்கிட்டார்."

"நொச்சி நல்லதுதான்."

"சிரிக்காதீங்க சாமி. வயிறு எரியுது எனக்கு."

சாமி சிரிப்பை நிறுத்தினார்.

"அந்தக் கூண்டு தப்பா சாமி?" என்று கேட்டாள்.

"மரகதம் போனப்புறம் உங்களுக்கு எப்ப தூக்கம் வந்துச்சு?"

"கூண்டு வச்ச அன்னைக்கு."

"அப்ப தப்புன்னு எப்படிச் சொல்றது?"

"சரிங்கிறீங்களா?"

"சரின்னா இன்னைக்கு நீங்க ஏன் ரெண்டு தரம் பாதி மலை ஏறிட்டுத் திரும்பிப் போனீங்க? மேலேருந்து பாத்துட்டுத்தானே இருந்தேன்."

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். கழற்றினாள். மறுபடி சுற்றினாள்.

"சொல்லிரட்டுமா சாமி?"

"சொல்லுங்க. ஆனா ஒண்ணு அக்கா. சொல்லிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் நீங்க பயப்படறது என்னைப் பாத்துத்தான்."

"உங்களைப் பாத்தா! நல்லாச் சொன்னீங்க போங்க. கட்டினவன்கிட்டச் சொல்லாததையெல்லாம் உங்ககிட்டக் கொட்டியிருக்கேன்."

"அப்பக் கதவு இருந்துச்சு."

அது அவள் காதில் ஏறவில்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

அவளுடைய மகன் தீபன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். குண்டு வெடிக்கப் பத்து நாளுக்கு முன்னால் வெளியூர் ஆள் ஒருவன் கடைக்கு வந்திருக்கிறான். சிம் கார்டு வேண்டும், அடையாள அட்டை தொலைந்துபோனது என்றிருக்கிறான். இரண்டு நாள் வந்து கெஞ்சியிருக்கிறான். தீபன் பாவம் பார்த்து, பர்ஸில் இருந்த அம்மாவின் அட்டையைக் காட்டி அவள் பெயரில் ஒரு சிம் எடுத்துக் கொடுத்துவிட்டான். வெடித்த நாளிலிருந்து அந்த ஆளைக் காணவில்லை.

"அவன்தான் குண்டு வச்சானா?" என்றார் சாமி.

"யாருக்குத் தெரியும்? அவனாவும் இருக்கலாம். எங்கயாவது சிமெண்டுக் கலவை சுமந்துட்டு, பொண்டாட்டிகிட்டப் பேசறதுக்கு நம்பர் வாங்கினவனாவும் இருக்கலாம்."

"தம்பி என்ன சொல்றான்?"

"சோத்துல கையை வச்சா வச்சபடி உக்காந்திருக்கான். போய்ச் சொல்லிருவோமாம்மான்னு ஒருநாள் கேட்டான். நாந்தான் அவன் வாயைப் பொத்தினேன்."

"ஏன்?"

"உள்ள போனா எம்புள்ள திரும்பி வருவானா சாமி? எதிர்வீட்டு ஜாபர் பையன், சந்தைக்குப் பின்னாடி வண்டியை நிறுத்தினதுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நாலு மாசம் ஆச்சு. அவங்கம்மா ஜெயில் வாசல்ல நின்னு நின்னு கால் வீங்கிக் கிடக்கா."

"சொல்லாம விட்டா?"

"விட்டா எந்தங்கச்சியைக் கொன்னவன் எங்கயாவது டீ குடிச்சிட்டு இருப்பான். அடுத்த சந்தைக்கும் வருவான்."

மூச்சு வாங்கினாள்.

"சொல்லவா, மறைக்கவா? அதைக் கேக்கத்தான் சாமி ரெண்டு தரம் திரும்பிப் போயிட்டு மூணாந்தரம் ஏறி வந்தேன்."

சாமி எழுந்தார்.

பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தார். தண்ணீர்ப் பானையை மூடினார். பாறை இடுக்கில் மடித்து வைத்திருந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். செண்பகவல்லி அவரைச் சட்டையோடு பார்த்ததே இல்லை.

"எங்க சாமி?"

"போய்த் தம்பியைக் கூட்டிட்டு வாங்க. ஒரு நல்ல வக்கீலைப் பாத்துக்கிட்டு எல்லாருமாப் போய்ச் சொல்லுவோம். கடைசி வரைக்கும் நான் கூட நிக்கிறேன்."

"அங்க உங்களைக் கேட்டா?"

"தெரிஞ்சதைச் சொல்லுவேன். பொய் எனக்கு வராதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும். அதை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் அந்தக் கரட்டை ஏறிக்கொண்டிருந்தாள்.

இறங்கினாள்.

முதல் திருப்பம் வரைக்கும் நெஞ்சு லேசாக இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் ஒன்று தோன்றியது. காலையில் இந்த விஷயம் வீட்டுக்குள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது மூன்று பேருக்கு. மூன்றாவது ஆளுக்குப் பொய் வராது.

அதற்குப் பிறகு அவள் கால் வேகமாக நடந்தது.

கூண்டில் நோட்டுக்காரர் அருமைராஜ் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. இடுப்பு எப்படி இருக்கு? நொச்சி கேட்டுச்சா?"

"ம்."

"இன்னைக்கு என்ன கேட்டீங்க?"

அவள் திரும்பி மேலே பார்த்தாள். குகை வாசலில் சட்டை போட்டுக்கொண்டு சாமி நின்றிருந்தார். அவளும் மகனும் வருவதற்காகக் காத்திருந்தார்.

அவர் இறங்கி வந்தால் சொல்லிவிடுவார். அவர்மேலேயே ஒரு சந்தேகம் விழுந்துவிட்டால், அப்புறம் அவர் எதைச் சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்?

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமே இல்லை. குரல் தெளிவாக வந்தது. "பின்பக்கப் பாதையில சாமியைப் பாக்க ஆளுங்க வர்றாங்க. வெளியூர் ஆளுங்க. உங்க நோட்டுல வராத ஆளுங்க. என் கண்ணால பாத்தேன். அவரைக் கூட்டிட்டுப் போய் விசாரிங்க."

அருமைராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுப் பக்கம் திருப்பினார். அவள் மறுபடி மேலே திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தார்.

"பயப்படாதீங்கம்மா" என்றார். "இந்த மாதிரி வந்து சொல்றவங்க பேரை நாங்க எழுதறதில்ல."