ஊஞ்சல் பலகை

"அம்மா, நாற்காலி ஆடினா ஆப்பு வச்சு நிறுத்திடலாம். மனசு ஆடினா என்ன பண்றது?"

கேட்டவர் மாசிலாமணி. நரைத்த தலை. குரு வடிவம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஒரு ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்ல இதைப் பிடிங்க," என்றார்.

பிடித்தார்.

ஊரார் அந்த இடத்தை மடம் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் பழைய சாமான் கடை என்று நினைத்து விலை கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கை ஒடிந்த நாற்காலி, கதவு தொங்கும் அலமாரி, மூடியைத் தொலைத்த டிரங்குப் பெட்டி என்று ஊர் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் அங்கேதான் கிடந்தது. மந்திரம், உபதேசம் ஒன்றும் கிடையாது. உப்புத்தாளைக் கையில் கொடுத்துவிடுவார் வடிவம்மை.

சேர வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்வார்.

"உங்க வீட்டுல கேட்பாரில்லாம கிடக்கிற சாமான் ஒண்ணைக் கொண்டாங்க."

மாசிலாமணி தன் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு தேக்குப் பலகையைக் கொண்டுவந்திருந்தார். சாணி அப்பி, மேலெல்லாம் கீறலாகக் கிடந்தது. கழுவினார், தேய்த்தார், மெழுகு பூசினார். இப்போது அதில் முகம் பார்க்கலாம். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்டூல் வேலை முடிந்தது. வடிவம்மை எழுந்து வந்து பலகையைத் தடவிப் பார்த்தார். நான்கு மூலைகளிலும் விரல் நின்று நின்று போயிற்று.

"இங்கே என்ன?"

"ஓட்டை இருந்துச்சும்மா. மரத்தூளும் பசையும் குழைச்சு அடைச்சுட்டேன். தெரியவே தெரியாது."

"இது என்ன பலகை?"

"ஊஞ்சப் பலகை."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"சங்கிலி?"

"தம்பிகிட்ட இருக்கு. பாகம் பிரிச்சப்போ பலகை எனக்கு, சங்கிலி அவனுக்கு."

"அப்படிப் பிரிச்சது யாரு?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

"நான்தாம்மா. முழு ஊஞ்சல் அவனுக்குப் போயிடக் கூடாதுன்னு. அன்னையிலேர்ந்து பேச்சுவார்த்தை இல்ல."

வடிவம்மை பலகையைத் தரையில் போட்டார். அதன்மேல் உட்கார்ந்தார். காலைத் தூக்கிக்கொண்டார்.

"ஆட்டுங்க."

மாசிலாமணி சிரித்துவிட்டார்.

வடிவம்மை சிரிக்கவில்லை. காலையும் இறக்கவில்லை.

"ஆட்டுங்கய்யா."

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. சின்ன உளியை எடுத்துவந்து காத்து நின்றார். குரு எழுந்ததும் குனிந்து, தான் அடைத்ததைத் தானே சுரண்ட ஆரம்பித்தார். நன்றாகத்தான் அடைத்திருந்தார். லேசில் வரவில்லை.

நான்கு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிந்தபோது கேட்டார்:

"தம்பிகிட்ட போய்ச் சங்கிலியைக் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்கிட்டு வந்து?"

"வீட்டுல மாட்டிடுவேன்."

"எந்தக் கொக்கியில?"

கொக்கி இருப்பது பழைய கூடத்து உத்தரத்தில். கூடம் தம்பி பாகம்.

வடிவம்மை அடுத்த நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார்.

மாசிலாமணி பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

தம்பி பொன்னம்பலம் வாசலிலேயே மறித்து நின்றார். அண்ணனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"சங்கிலி கேட்டு வந்தியாக்கும்?"

"இல்லடா. பலகையைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பொன்னம்பலம் மழமழவென்றிருந்த பலகையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"செங்கமலம், ஏணியை எடு. அண்ணன் வந்திருக்கு."