இருபது பணம் எங்கே?

முன்னொரு காலத்தில், ஒரு சந்தை விட்டு மறு சந்தைக்குச் சம்பளம் கொடுக்கும் அரண்மனை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கோட்டை வாசலில் சந்தை கூடும். ஒரு வெள்ளி வெறுங்கையோடு போகும். மறு வெள்ளி, பல்லக்குத் தூக்குகிறவர் முதல் சபை விகடகவி வரை ஆளுக்குப் பத்துப் பணம் கிடைக்கும். அதை வாங்கிய கையோடு எல்லோரும் சந்தைக்குள் நுழைந்துவிடுவார்கள். நாட்டை ஆண்ட மகுடவர்த்தன மகாராஜாவுக்கு அதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை, அண்டை நாட்டுத் தூதன் வந்து சேரும் வரையில்.

தூதன் விருந்து முடிந்து தாம்பூலம் போட்டுக்கொண்டே, "எங்கள் நாட்டில் பல்லக்குத் தூக்குகிறவனுக்கு ஆண்டுக்கு இருநூற்றைம்பது பணம் தருகிறோம். தங்கள் நாட்டில் எவ்வளவோ?" என்று கேட்டான்.

மகாராஜாவுக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது. கருவூலத் தலைவர் உத்தமசீலரைப் பார்த்தார்.

"இரண்டு வாரத்துக்குப் பத்துப் பணம், மகாராஜா. மாதத்துக்கு இரண்டு தடவை. ஆண்டுக்கு இருநூற்று நாற்பது" என்றார் உத்தமசீலர் மூச்சு விடாமல்.

"இருநூற்று அறுபது" என்றது சபையின் ஓரத்திலிருந்து ஒரு குரல். விகடகவி மங்கைபாகன்தான். அண்டை நாட்டானிடம் நம் நாடு பத்துப் பணம் குறைந்து போகிறதே என்ற பதைப்பில் வாய் முந்திவிட்டது.

தூதன் சிரித்துக்கொண்டே விடைபெற்றான். மகாராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உத்தமசீலருக்கோ உள்ளம் கொதித்தது. ஏற்கெனவே தம் பேச்சைக் காட்டிலும் மகாராஜா இந்த விகடகவியின் பேச்சைத்தான் ரசித்துக் கேட்கிறார் என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு உண்டு. தவறை ஒப்புக்கொள்வதைவிட அதையே சட்டமாக்கிவிடுவது மேல் என்று முடிவு செய்தார்.

"மகாராஜா, இந்தச் சந்தைக் கணக்கே வேண்டாம். ஆனி முதல் தேதியிலிருந்து மாதச் சம்பளம் கொடுப்போம். இரண்டு பத்து இருபது. அப்போது ஆண்டுக்கு இருநூற்று நாற்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது."

"ஆளுக்கு இருபது பணம் குறைகிறதே, மகாராஜா!" என்றான் மங்கைபாகன்.

"எங்கே குறைகிறது? இரண்டு வாரத்துக்குப் பத்து என்பது அப்படியேதானே இருக்கிறது?" மகாராஜாவுக்குப் பொறுமை போயிற்று. "நீ சொல்லும் அந்த இருபது பணம் எங்கே இருக்கிறது? ஆனி முடிவதற்குள் அதை என் கண்ணில் காட்டு. காட்டாவிட்டால் உனக்கு இந்தச் சபையில் இடமில்லை."

"நாட்டிலேயே இடமில்லை என்று சொல்லுங்கள், மகாராஜா" என்று எடுத்துக் கொடுத்தார் உத்தமசீலர்.

"அப்படியே ஆகட்டும்!"

இல்லாத பணத்தை எப்படிக் காட்டுவது? மங்கைபாகன் கைகூப்பினான். "உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். மாதம் என்றால் எத்தனை வாரம் என்பதையும் ஆணையில் எழுதிவிட்டால் பின்னால் வழக்கு வராது."

"இதுகூடவா தெரியாது?" என்று எக்களித்த உத்தமசீலர், "மாதம் என்பது நான்கு வாரம். நான்கு வார வேலைக்கு இருபது பணம்" என்று தம் கையாலேயே எழுதினார். மகாராஜா முத்திரை வைத்தார்.

மங்கைபாகன் வீட்டில் அவன் மனைவி செண்பகவல்லி செய்தியைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, மாசத்துக்கு ரெண்டு சம்பளத்துல அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகைன்னு எல்லாத்தையும் அடக்கிடுவேன். வருசத்துல ரெண்டு மாசம் மூணு சம்பளம் வரும் பாருங்க, அதத் தொடவே மாட்டேன். ஒண்ணு மழைக்கு முன்னாடி கூரை மாத்த. இன்னொண்ணு, ஐப்பசில நம்ம பொண்ணு பிரசவத்துக்கு வர்றாளே, அதுக்கு. இப்ப அந்த ரெண்டும் போச்சா?"

"போகல" என்றான் மங்கைபாகன். "போக விடமாட்டேன்."

"ஊர விட்டுத் தொரத்திட்டா?"

"நம்ம வீட்டுக்கு மட்டும்னா நானே சும்மா இருந்திருப்பேன், வல்லி. அரண்மனையில வேலை பாக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுலயும் இப்படித்தானே ஒரு கூரை ஒழுகும்?"

மறுநாளிலிருந்து அவன் சமையற்கூடத்துக்கும் பல்லக்குக் கொட்டிலுக்கும் நடையாய் நடந்தான். சமையல் தலைவர் சோமையா முதலில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, அடுப்ப அணைக்கச் சொல்றீங்க. ராசா தலைய எடுத்துருவாரு."

"ஆணையில இருக்கிறபடி நடந்தா யாரு தலைய எடுப்பாங்க? அப்படியே எடுத்தாலும், மங்கைபாகன்தான் சொன்னான்னு சொல்லிடுங்க. என் தலையோட போகட்டும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சோமையா தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி சாமி" என்றார்.

ஆனி இருபத்தொன்பதாம் தேதி காலை மகாராஜா கண் விழித்துக் கைதட்டினார். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார். சாமரம் வீசுகிறவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் கழுவ நீர் இல்லை. பசியோடு சமையற்கூடத்துக்குத் தாமே நடந்து போனார். அடுப்பு சில்லென்று கிடந்தது. சோமையாவும் ஆட்களும் கைகட்டி வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மங்கைபாகன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினான்.

"என்ன கலகம் இது?"

"ராஜத்துரோகம்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார் உத்தமசீலர். அவர் வீட்டுக்கும் அரண்மனையிலிருந்துதான் காலை உணவு போகும்.

மங்கைபாகன் எழுந்து நின்றான். "மகாராஜா, இன்று என்ன தேதி?"

"ஆனி இருபத்தொன்பது!"

"இந்த நாட்டில் அப்படி ஒரு தேதியே கிடையாதே! மாதம் என்பது நான்கு வாரம் என்று தங்கள் ஆணை சொல்கிறது. நேற்றோடு நான்கு வாரம் முடிந்தது, ஆனியும் முடிந்தது. ஆடியோ இன்னும் பிறக்கவில்லை. இல்லாத நாளில் எப்படி அடுப்பு எரியும்?"

"மூடனே, ஆனிக்கு முப்பத்திரண்டு நாள்! குழந்தைக்கும் தெரியும்!" என்று சீறினார் உத்தமசீலர்.

"அப்படியானால் மிச்சம் நான்கு நாளுக்கு எவ்வளவு சம்பளம், ஐயா?"

உத்தமசீலர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

மங்கைபாகன் மகாராஜாவின் பக்கம் திரும்பினான். "ஆனியில் நான்கு நாள், ஆடியில் மூன்று நாள், இப்படி மாதா மாதம் உதிரும் நாட்களைக் கூட்டினால் ஆண்டுக்கு இருபத்தொன்பது. இருபத்தெட்டு நாளுக்கு இரண்டு சம்பளம். தாங்கள் காட்டச் சொன்ன இருபது பணம் இதோ, இந்த அணைந்த அடுப்புக்குள்தான் இருக்கிறது, மகாராஜா."

மகாராஜா அடுப்பைப் பார்த்தார். உத்தமசீலரைப் பார்த்தார். மகாராஜாவின் பசித்த வயிறு உரக்க ஒரு முறை உறுமிற்று. அதைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சோமையா துணிந்து சிரிக்க, சமையற்கூடமே அதிர்ந்தது.

"கிழித்துப் போடுங்கள் அந்த ஆணையை! பழையபடி ஒரு சந்தை விட்டு மறு சந்தைக்குச் சம்பளம். ஆண்டுக்கு இருநூற்று அறுபது என்று அந்தத் தூதனுக்கு இன்றே ஓலை போகட்டும். மங்கைபாகா, இந்தா!" என்று கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சட்டென்று நெற்றியைச் சுருக்கினார். "பொறு. உதிர்ந்தது இருபத்தொன்பது என்றாய். சம்பளம் இருபத்தெட்டு நாளுக்குத்தானே? ஒரு நாள் மிஞ்சுகிறதே?"

"மிஞ்சுகிறது, மகாராஜா. அந்த ஒரு நாள் மட்டும் எந்தச் சம்பளத்திலும் சேராது."

"அப்படியானால் அன்று யாரும் வேலை செய்ய வேண்டாம்" என்றார் மகாராஜா. "எல்லோரும் குடும்பத்தோடு இங்கே வந்து பந்தியில் உட்காருங்கள். உத்தமசீலர் பரிமாறுவார்."

அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு நாள் அந்த அரண்மனையில் அப்படித்தான் நடந்தது. கருவூலத் தலைவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகக் குனிந்து சோறு போட்டார். முதல் ஆண்டுப் பந்தியில் செண்பகவல்லி மடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தாள். இலையில் விழுந்த சோற்றைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள்.